ஜன்னலுக்குக் கூப்பிட்ட நாள்

அந்த மருத்துவமனையில் புற்று வந்தவனிடம் புற்று என்று யாரும் சொல்வதில்லை. நூகுஸ் நகரத்தில் எந்த டாக்சிக்காரனைக் கேட்டாலும் இது தெரியும். இரைப்பைப் புண், பித்தப்பைக் கல் என்றால் டாக்டர் கட்டிலுக்கே வந்து வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கொழுப்பைக் குறை, குடியை நிறுத்து" என்று திட்டிவிட்டுப் போவார். மற்றதென்றால் உள்ளே வரமாட்டார். கதவருகே நின்று கூட வந்தவரை மட்டும் விரலால் அழைப்பார். மூன்றாவது மாடி நடைவழியின் கோடியில், வெப்பக் குழாய்க்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசுவார். போனவர் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "ஒண்ணுமில்லையாம், வெறும் வீக்கமாம்" என்பார். படுத்திருப்பவரும், "நான்தான் சொன்னேனே" என்பார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாகிற வரைக்கும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவார்கள்.

வார்டில் ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரிப்பதே, "ஒங்க ஆளை ஜன்னலுக்குக் கூப்பிட்டாங்களா?" என்றுதான்.

மியாசருக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் கீழ்த்தளத்தில் செல் ஆய்வாளர். நோயாளியின் உடம்பிலிருந்து உரசி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எழுதித் தருகிற வேலை. சிம்பாய்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள், ஆண்களையும் சேர்த்துத்தான். படித்தது எதற்கு, வாயை மூடிக்கொண்டிருக்கவா என்று தலைமை மருத்துவர் ரோசா சபரொவ்னாவிடம் எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"வியாதி அவனோடது. வயிறு அவனோடது. சேதி மட்டும் பொண்டாட்டிக்கா?"

"நீ கண்ணாடியப் பாக்கிறவ, மியாசர். கண்ணாடி அழாது. அழற ஆளுங்ககிட்டப் பேசற வேலை எங்களுது. போ."

அப்படிப் பேசித் திரிந்தவள்தான், தன் அக்கா வீட்டுக்காரர் வந்த அன்றைக்கு, தன் கையாலேயே அக்காவைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள்.

*

தாஜிமுரத்துக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கால்வாய் தூர்வாருகிற இயந்திரம் ஓட்டுகிறவர். வசந்தம் வந்து தண்ணீர் திறப்பதற்கு முன் சிம்பாய் வட்டாரத்தில் எந்தக் கால்வாய்க் கரையில் போனாலும் அவருடைய மஞ்சள் இயந்திரத்தைப் பார்க்கலாம். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பதில் அவருக்கு ஒரு வீம்பு. ஆவி அடங்கிய கிண்ணத்தை, "இது யாருக்கு, கன்னுக்குட்டிக்கா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நாக்குக்கு அடியில் எந்நேரமும் நஸ், அந்தப் பச்சைப் புகையிலைத் தூள்.

மியாசரின் அம்மா செத்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அக்கா ஹுர்லிமானின் வீட்டில்தான் வளர்ந்தாள். மச்சினியும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்வது அந்த ஊரில் ஒரு கடமை மாதிரி. வாராவிட்டால்தான் ஏதோ சண்டை என்று அர்த்தம். அவர்கள் இருவரும் அந்தக் கடமையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

"வா மச்சினி. மனுஷன் மூஞ்சியப் பாக்காம எச்சிலப் பாத்துச் சம்பளம் வாங்கறவளே!"

"ஒங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு எச்சில் எவ்வளவோ தேவலை மாமா."

அந்த மார்ச் மாதம் ரொட்டி விழுங்கும்போது நெஞ்சுக்கு நடுவில் சுருக்கென்று குத்துவதாக ஹுர்லிமான்தான் தொலைபேசியில் சொன்னாள். மியாசர் வம்படியாக வரவழைத்தாள். குழாய் விட்டு, உணவுக்குழாயில் சிவந்திருந்த ஓர் இடத்தில் தூரிகையால் உரசி எடுத்தார்கள். ஒரு சின்னத் துணுக்கும் வெட்டி எடுத்தார்கள். "உன் வீட்டு ஆள், நீயே பார்" என்று கண்ணாடித் துண்டுகள் அவள் மேஜைக்கு வந்தன.

உணவுக்குழாயின் உள்சுவர் அடுக்கடுக்கானது. செல்கள் அடிவரிசையில் பிறக்கும். பிறக்கும்போது உருண்டையாக, பெரிய கருவோடு இருக்கும். மேலே ஏற ஏறத் தட்டையாகும், கரு சுருங்கும், கடைசியில் உதிர்ந்து தேநீரோடு போய்விடும். ஒழுங்கான வாழ்க்கை. தாஜிமுரத்தின் துண்டில் அந்த ஒழுங்கு பாதி வரைக்கும் கெட்டிருந்தது. நடு அடுக்குக்கு வந்த பிறகும் செல்கள் அடியில் பிறந்த புத்தியை விடவில்லை. கரு சுருங்காமல் பருத்து, கருத்து, ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றது. ஆனால் மேலடுக்குகள் நன்றாகவே இருந்தன. அடியில் இருக்கிற மெல்லிய சவ்வும் உடையவில்லை. சவ்வு உடைந்து செல் வெளியே போனால்தான் அதற்குப் புற்று என்று பெயர். இது அதற்கு முந்தின படி. சூட்டையும் புகையிலையையும் நிறுத்தினால் தானாகவே திரும்பிவிடலாம். திரும்பாமலும் போகலாம். ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தால் தெரியும். கூடியிருந்தால் தலைநகர் தாஷ்கெந்துக்கு அனுப்பி, குழாய் வழியாகவே அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, ஆளும் சாக வேண்டியதில்லை.

நல்ல செய்தி. மியாசர் அதை இரண்டு முறை சரிபார்த்தாள். ரோசா சபரொவ்னாவும் பார்த்தார்.

"பிழைச்சார் ஒன் மாமா. நீயே போய்ச் சொல்லிடு."

படியேறும்போதுதான் கால் தயங்கியது. அவரிடம் எப்படிச் சொல்வது? பதினேழு வருஷத்தில் அவரோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எல்லாமே கிண்டல்தான். "இல்லை, ஆனால் ஆகலாம்" என்பதைக் கிண்டலாகச் சொல்ல முடியாது. முதலில் அக்காவுக்குப் புரியவைப்போம், அக்கா சொன்னால் நஸ்ஸையாவது விடுவார் என்று மனசுக்குள் ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். பிற்பாடு அந்த நியாயத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பயம். அவ்வளவுதான் அது.

கதவருகே நின்று, "அக்கா, இங்க கொஞ்சம் வா" என்றாள்.

ஹுர்லிமான் எழுந்தபோதே முகம் வெளுத்துவிட்டது. நடைவழியில் எங்கே போகிறோம் என்று மியாசர் யோசிக்கவே இல்லை. கட்டில்களைத் தாண்டி, தள்ளுவண்டிகளைத் தாண்டி, ஆள் இல்லாத இடம் பார்த்து அவள் கால் போய் நின்றது அந்த ஜன்னலில்.

"அக்கா, புத்து இல்ல."

"சரி."

"நெசமா இல்ல. ஆனா செல்லு மாறியிருக்கு. இப்போதைக்கு நடுவில நிக்குது. அப்படியே விட்டா ஆகலாம். ஆகாமலும் போகலாம். செப்டம்பர்ல மறுபடி குழாய் விட்டுப் பாக்கணும். புரியுதா?"

"புரியுது."

"சூடாக் குடிக்கக் கூடாது. நஸ் கூடவே கூடாது. அழாதக்கா! எதுக்கு அழற? நல்ல சேதிதானே சொல்றேன்!"

ஹுர்லிமான் சத்தமில்லாமல் அழுதாள். மியாசர் என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைக் கட்டிக்கொண்டாள். வார்டின் கண்ணாடிக் கதவு வழியாகத் தாஜிமுரத் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அவர்தான் முதலில் பேசினார். "என்ன மச்சினி, தொண்டையில மீன்முள்ளா?"

"தொண்டையில ஒண்ணுமில்ல மாமா. முள்ளெல்லாம் நாக்குலதான்."

அவர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். மியாசருக்கு அப்பாடா என்றிருந்தது. மனுஷர் நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கீழே போய் அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்தாள்.

*

அதற்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டால் அக்காதான் எடுப்பாள். "கால்வாய்ல இருக்காரு." "தூங்கறாரு." "சூடா? இல்லல்ல, ஆற வெச்சுத்தான் தர்றேன்." ஜூலை மாதம் அவளே கூப்பிட்டு, மகள் அய்சானத்துக்கு ஆகஸ்டில் கல்யாணம் என்றாள்.

மியாசர் கத்திவிட்டாள். அய்சானம் ஆசிரியர் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். "ரெண்டு வருஷம் பொறுக்க மாட்டீங்களா? அதுக்குள்ள பொண்ணு ஊசிப்போயிடுமா?"

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நீயே இப்படிக் கேக்கலாமா?" என்று அக்கா வைத்துவிட்டாள்.

மியாசர் கோபம் தீராமலேதான் கல்யாண விருந்துக்குப் போனாள். முற்றத்தில் இரண்டு பெரிய கொப்பரைகளில் கறி வெந்துகொண்டிருந்தது. உள்ளே பெண்கள் அய்சானத்தின் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒனக்கு இஷ்டமா இது? என்கிட்டச் சொல்லு. இப்பவே நிறுத்தறேன்."

"இஷ்டமெல்லாம் என்ன சித்தி. அப்பா கண்ணால பாக்கணும்ல."

"பாப்பாரு. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்கட்டும்."

அய்சானம் அவளைப் பாவமாகப் பார்த்தாள். "நீங்கதான சித்தி அம்மாவ ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

மியாசருக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்காவைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "நான் இல்லன்னுதான சொன்னேன்? என் வாயால, இல்லன்னு!"

"இல்லன்னுதான்டி எல்லார்கிட்டயும் சொல்றாங்க. எதுத்த வீட்டு பசார்கான் புருஷனுக்கும் இல்லன்னாங்க. நாப்பது நாள் தாங்கல."

"அது வேற டாக்டர். நான் ஒன் தங்கச்சி!"

"அதான்." ஹுர்லிமான் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லன்னா அங்கயே, அவரு முன்னாடியே சொல்லியிருப்ப. கேலி பண்ணியிருப்ப. என்னைக் கட்டிப் பிடிச்ச. அம்மா போன அன்னிக்குக் கட்டிப் பிடிச்சவ நீ. அதுக்கப்புறம் அன்னிக்குத்தான்."

"அவருகிட்ட என்ன சொன்ன?"

"வீக்கம்னேன். அவரு நம்பிட்டாரு."

அவர் நம்பவில்லை. கொப்பரைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து ஆவி பறக்கிற கிண்ணத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நாக்கடியில் நஸ் பொதபொதவென்று இருந்தது. மியாசர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கிண்டலே இல்லாமல், பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"மாமா. ஒங்களுக்குப் புத்து இல்ல."

"அடேயப்பா. இதைச் சொல்லவா நூகுஸ்லேர்ந்து வந்த?"

"சத்தியமா இல்ல."

"சத்தியம் வேற பண்றா." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மெதுவாப் பேசு. ஒங்க அக்காவுக்குத் தெரியாது. வீக்கம்னு நெனச்சுட்டிருக்கா, பாவம். அவளுக்கு அப்படியே இருக்கட்டும்."

"அய்யோ மாமா! கேளுங்க. ஒங்க பாஷையிலயே சொல்றேன். கால்வாய் இருக்கு, கரை இருக்கு. கரைக்குள்ள நாணல் தப்பாத் தப்பா மொளைச்சிருக்கு. அவ்வளவுதான். கரை ஒடையல. ஒடைஞ்சாத்தான் அதுக்குப் பேரு புத்து. நாணலை இப்பவே சீவிட்டாத் தீந்தது."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"மச்சினி, நான் முப்பது வருஷமாக் கால்வாய் தோண்டறவன். நாணல் மொளைச்ச கரை எத்தனை நாள் நிக்கும்னு எனக்கா தெரியாது? நல்லாத்தான் சொன்ன. பொய் சொன்னாலும் படிச்சவ பொய் தனி அழகு."

"அப்ப செப்டம்பர்ல வாங்க. குழாய் விட்டு நீங்களே பாருங்க."

"அந்தக் குழாயை நெனச்சாலே கொமட்டுது. எத்தனை நாளோ, இருக்கிற நாள்ல கறி தின்னுட்டு, சூடா ஒரு வாய் குடிச்சுட்டுப் போறேனே. போ, போய்ப் பொண்ணைப் பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட நுண்ணோக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, பங்கு டாக்சியில் மடியில் வைத்தபடி போனாள். இரண்டு துண்டு காட்டினாள். ஒன்று அவருடையது, இன்னொன்று பெயர் சொல்லாத ஒருத்தருடையது, நிஜமான புற்று. தாஜிமுரத் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அக்கறையாகப் பார்த்தார்.

"கலர் கலரா இருக்கு. கல்யாணத் துணி மாதிரி."

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியல. சரி, தெரியுதுன்னே வெச்சுக்க. நல்லவன் எவனோடதையோ கொண்டாந்து என்னோடதுன்னு காட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் ஒனக்கு?"

அவள் அழுதாள். கோபத்தில் வந்த அழுகைதான். அவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்ததை அவள் புரிந்துகொண்டாள்: ஒன்றுமில்லாததற்கா இவள் அழுகிறாள்? அவள் எதைச் செய்தாலும் அது அவர் பக்கத்துச் சாட்சியாகவே போய்ச் சேர்ந்தது. சிரித்தால் மறைக்கிறாள். அழுதால் ஒத்துக்கொள்கிறாள். பேசாமல் போனால் பேச முடியவில்லை.

செப்டம்பர் வந்தது. பருத்தி எடுப்பு, வர முடியாது என்றார்கள். நவம்பரில் சாலை சரியில்லை. ஜனவரியில் அக்கா உடைத்தே சொல்லிவிட்டாள்: "அவரை விட்டுடுடி. இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." அப்புறம் மியாசரும் அடிக்கடி கூப்பிடுவதை நிறுத்தினாள். அதையும் அவள் மறுக்கமாட்டாள். ஆள் இயந்திரம் ஓட்டுகிறார், கறி தின்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, ஒருவேளை தானாகவே திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித் திரும்புவதும் உண்டுதானே. நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

*

முதல் பரிசோதனை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஏப்ரலில் தாஜிமுரத்தைக் கொண்டுவந்தார்கள். முதலில் ரொட்டி இறங்கவில்லையாம். பிறகு ஊறவைத்த ரொட்டி. பிறகு கஞ்சி. இப்போது தேநீரே பாதி திரும்பி வருகிறதாம். இயந்திரத்தின் கதவை ஒற்றைக் கையால் தூக்கி மாட்டுகிற மனுஷன் கட்டிலில் பையன் மாதிரி கிடந்தார்.

ரோசா சபரொவ்னா துண்டை வேறு யாரிடமாவது தருகிறேன் என்றார். மியாசர் கேட்கவில்லை. கண்ணை வைத்த மாத்திரத்தில் தெரிந்தது. அடுக்கு என்ற ஒன்றே இல்லை. சின்னதும் பெரியதுமாக, வாலும் கோணலுமாக, ஒரே செல்லுக்குள் இரண்டு மூன்று கரு. பிளந்துகொண்டிருக்கிறவை, பிளக்கத் தெரியாமல் பாதியில் நிற்கிறவை. பழைய துண்டு அலமாரியில் அதே எண்ணில் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டியதில்லை. அவளுக்குத்தான் முன்னமே தெரியுமே.

"இந்தத் தடவை நானே சொல்றேன்," என்றாள். "கட்டில்லயே."

ரோசா சபரொவ்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹுர்லிமான் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மியாசர் கால்மாட்டில் நின்றாள். வார்டில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் அல்லாத ஒருத்தி கட்டிலருகே வந்து நின்றது அவர்களுக்கு விளங்கவில்லை.

"மாமா, இது புத்து. பெருசாயிடுச்சு. சிம்பாய்ல, நூகுஸ்ல, தாஷ்கெந்துல எங்க போனாலும் வெட்டி எடுக்க முடியாது. தண்ணி இறங்க ஒரு குழாய் வைக்கலாம். வலிக்கு மருந்து தரலாம்."

ஹுர்லிமான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தாஜிமுரத் மட்டும் ஆச்சரியப்பட்ட மாதிரி பார்த்தார். "ஜன்னலுக்குப் போகாமயே சொல்லிட்டியே! தைரியம்தான்."

"இதை முன்னாடியே செஞ்சிருக்கணும் மாமா."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன்." மூச்சு வாங்கியது. பேச்சுக்கு நடுவே எச்சிலை விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பினார். "அன்னிக்கு, மொத தடவை. அன்னிக்கு நெசமாவே இல்லையா?"

மியாசர் வாயைத் திறந்தாள்.

ஐந்து வருஷம், ஆறு வருஷம், இந்தக் கட்டிடத்தில் அவள் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான். நோயாளி கேட்கிறான். அவனுக்குத் தெரிய உரிமை இருக்கிறது. இல்லை மாமா, அன்றைக்கு இல்லை, ஆறே மாதத்தில் வந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் கால்வாயில் இருப்பீர்கள். அதுதான் உண்மை.

அக்காவைப் பார்த்தாள். பொத்திய கைகளுக்கு மேலே அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வருஷமாக ஆவி பறக்க ஊற்றிக் கொடுத்த கை அது. "விட்டுடுடி" என்று சொன்ன வாய் அது. புருஷன் வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கிற அய்சானம் நாளைக்கு வருவாள்.

"இருந்துச்சு மாமா," என்றாள் மியாசர். "அன்னிக்கே இருந்துச்சு."

தாஜிமுரத்தின் முகம் தளர்ந்தது. இரண்டு வருஷமாகத் தோளில் வைத்திருந்ததை இறக்கிவைத்த மாதிரி தலையணையில் சாய்ந்தார்.

"பாத்தியா ஹுர்லிமான்! நான் மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன். இவளுக்குப் பொய்யே வராது. நாணலாம், கரையாம்! அழுதுட்டே சொன்னா." சிரிக்கப் பார்த்தார், இருமலாகிவிட்டது. "நல்லவேளை, பொண்ணுக்குக் கல்யாணத்த முடிச்சோம்."

"அப்ப..." ஹுர்லிமான் கையை எடுத்தாள். "அப்ப செப்டம்பர்ல வந்திருந்தாலும்?"

"வந்திருந்தாலும் இதேதான்க்கா."

ஹுர்லிமான் குனிந்து புருஷனின் போர்வையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். சரியாக இருந்த போர்வையைத்தான் சரிசெய்தாள். மியாசர் கீழே போய்விட்டாள்.

*

முற்றிய பிறகு கண்டுபிடிக்கிற ஒவ்வொரு புற்றுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன் தாமதம் என்று மேலே பதில் போக வேண்டும். காரணத்துக்கு மூன்று கட்டம். நோய் வெளியே தெரியாமல் இருந்தது. நோயாளி வரவில்லை. மருத்துவத் தரப்பின் தவறு. இந்த மருத்துவமனையில் மூன்றாவது கட்டத்தில் யாரும் பேனா வைத்ததில்லை. இரண்டாவது கட்டம் இருக்கும்போது என்ன அவசியம்?

மியாசர் முதல் முடிவின் தேதியை எழுதினாள். நடுத்தர மாற்றம், புற்று இல்லை, ஆறு மாதத்தில் மறுபரிசோதனை என்று எழுதினாள். பிறகு மூன்றாவது கட்டத்தில் குறி போட்டாள். கீழே இருந்த காலி வரியில், "முடிவு நோயாளியிடம் நேரடியாகத் தெரிவிக்கப்படவில்லை. தெரிவிக்க வேண்டியவர்: செல் ஆய்வாளர்" என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள்.

ரோசா சபரொவ்னா நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"பைத்தியமா ஒனக்கு? ஆறு மாசத்துல வான்னு சொல்லியிருக்க. நுண்ணோக்கியத் தூக்கிட்டு வீடு வரைக்கும் போயிருக்க. அந்தாளு வரல. ரெண்டாவது கட்டம். அதுதானே உண்மை?"

"வரலதான்."

"பின்ன?"

"ஏன் வரலங்கறதுக்குக் கட்டம் இல்லையே, ரோசா சபரொவ்னா."

"இது மேல போச்சுன்னா நாளைக்கு எல்லாக் கட்டில்லயும் போய் நின்னு சொல்லச் சொல்வாங்க. அதுக்கு எத்தனை பேருக்குத் தெம்பு இருக்குன்னு நெனக்கற? ஒனக்கே இருந்துச்சா இன்னிக்கு? வார்டுல எனக்கும் காது இருக்கு."

தலைமை மருத்துவர் இழுப்பறையைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். குரலில் கோபம் இல்லை.

"புதுசா எழுதும்மா. மொதல்லேர்ந்து."

மியாசர் வாங்கிக்கொண்டாள். அங்கேயே, அவர் மேஜையின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பெயர்: தாஜிமுரத். வயது: ஐம்பத்து ஐந்து. தொழில்: இயந்திர ஓட்டுநர், கால்வாய்த் துறை. ஒவ்வொரு வரியாக, நிதானமாக, தெளிவான எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். காரணம் என்கிற வரி வந்தது. முன்பு போட்ட அதே மூன்றாவது கட்டத்தில் மறுபடியும் குறி போட்டாள்.